மாமன்னரின் தொண்டை

நான் ஒரு மாமன்னரின் தொண்டை. முழு மாமன்னர் இல்லை, தொண்டை மட்டும்தான். தோள், மார்பு, மீசை, குதிரை எல்லாம் வேறொருவருக்குச் சொந்தம். அவர் ஆறடி இரண்டு அங்குலம்; வேறு மொழிக்காரர். நம் மொழியில் அவருக்கு 'நன்றி' என்ற ஒரே சொல் தெரியும். அதையும் யாரோ கழுத்தைப் பிடித்ததுபோலச் சொல்வார். திரையில் அவர் வாயைத் திறந்தால் என் குரல் வரும். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஏழரை மணிக்கு.

நேரில் என் குரலைக் கேட்டால் நம்ப மாட்டீர்கள். போனை எடுத்து ஹலோ சொன்னால், "ஏம்மா, வீட்ல ஐயா இருக்காரா?" என்று கேட்கிறார்கள். மைக் முன்னால் நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, தாடையைக் கொஞ்சம் இறக்கினால் மட்டும் எங்கிருந்தோ அந்த ஆள் வந்துவிடுவார். மற்ற நேரத்தில் எங்கே போகிறார் என்று எனக்கும் தெரியாது. காய்கறிக் கடையில் பேரம் பேசும்போது ஒருநாளும் உதவிக்கு வந்ததில்லை.

தொடரின் பெயரே 'மாமன்னர்'தான். பல நூறு ஆண்டுகளுக்கு முன் நம் மதத்துக்காரர்களை ஒன்று திரட்டி இந்த மண்ணை ஆண்டவராம். இதில் எவ்வளவு உண்மை என்று கதாசிரியரிடம் ஒருமுறை கேட்டேன். "குதிரை இருந்துச்சு சார், அது உறுதி" என்றார். தொடர் ஆரம்பித்த இரண்டு வருடத்தில் மாமன்னரின் படம் லாரிகளின் முதுகில் ஏறியது, பிறகு பள்ளி நோட்டின் அட்டைக்கு வந்தது, பிறகு ஒரு கட்சியின் கொடியில் போய் உட்கார்ந்துகொண்டது. கட்சிக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. யாருக்கும் நினைவில்லை. மாமன்னர் கட்சி என்றுதான் சொல்வார்கள்.

என் வீட்டிலேயே மாமன்னருக்கு ஒரு பெரிய பக்தை இருக்கிறார். என் மாமியார். ஏழு இருபதுக்கே முகம் கழுவி, தலை வாரி, டிவி முன்னால் உட்காருவார். அந்த அரை மணி நேரம் வீட்டில் யாரும் எதையும் மெல்லக் கூடாது. நான் தண்ணீர் குடித்தாலே, "மாப்பிள்ளை, அவர் பேசிட்டிருக்காரு" என்பார். அவர் பேசுவதையெல்லாம் போன வாரமே பேசிவிட்டு வந்தவன் நான். அதைச் சொன்னால், "வாய் உங்களோடது, வார்த்தை அவரோடது" என்று முடித்துவிடுவார்.

டப்பிங் அறையில் மைக்குக்கு எதிரே ஒரு கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு செய்யும் தங்கச்சி. கூடப் பிறந்தவள் இல்லை. பதினோரு வருடமாக அவள் என்னை அண்ணே என்கிறாள், நான் அவளைத் தங்கச்சி என்கிறேன். அவள் வேறு மதம். விடுமுறைப் பட்டியல் போடும்போது மட்டும் அது பேச்சில் வரும்: "அன்னைக்கு நீங்க வந்துடுங்க அண்ணே, அடுத்த மாசம் நான் பாத்துக்கறேன்." என் தொண்டையைப் பற்றி என் மனைவியைவிட அவளுக்கு அதிகம் தெரியும். "நேத்து ஐஸ் தண்ணி குடிச்சீங்களா?" என்று ஹெட்போனைக் கழற்றாமலே கேட்பாள். குடித்திருப்பேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வசனத்தின் அர்த்தத்தைப் பார்க்க மாட்டோம், உதட்டைத்தான் பார்ப்போம். திரையில் உதடு மூடும் இடத்தில் நம் சொல்லும் மூட வேண்டும். அழுகை எத்தனை நொடி, பெருமூச்சு எத்தனை நொடி, அவ்வளவுதான் கணக்கு. யார் யாரைக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள் என்பதையெல்லாம் வீட்டுக்குப் போய் மாமியாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

போன மழைக்காலத்தில் தொடரின் பொறுப்பாளர் ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்தார். "பழைய எபிசோடு, விளம்பரம் எல்லாத்துல இருந்தும் முக்கியமான வசனம் தனியா வேணும். பின்னணி இசை இல்லாம, வாக்கியத்தை உடைச்சு உடைச்சு. குரல் வங்கி மாதிரி வெச்சுக்கலாம்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. படம் ஓடாத டப்பிங் என்றால் உட்கார்ந்துகொண்டே பேசலாம். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. இரண்டு நாள் வேலை. பழைய பதிவில் நன்றாக இருந்ததைத் தங்கச்சி வெட்டி எடுத்தாள். இல்லாததை நான் மறுபடியும் பேசினேன். அவள் ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு அடுக்கினாள். நடுவில் வேர்க்கடலை சாப்பிட்டோம். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன். அது என்ன காகிதம் என்று கேட்டிருக்கலாம். கேட்கிற புத்தி இருந்தால் இந்தக் கதையில் நான் வந்திருக்கவே மாட்டேன்.

தேர்தலுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஒரு திங்கட்கிழமை காலை, பாதி முகத்தில் சவரச் சோப்போடு நின்றிருந்த நான் தெருவில் என் குரலைக் கேட்டேன்.

"என் மக்களே. இந்தச் சந்தை உங்கள் முன்னோர் கட்டியது. வேற்று வழிபாட்டினர் வெளியேறட்டும். இனியும் பொறுக்காதீர்கள்."

ஜன்னலைத் திறந்து பார்த்தேன். ஒரு பிரசார வேன். கூரையில் நான்கு ஒலிபெருக்கி. பக்கவாட்டில் குதிரைமேல் மாமன்னர்; அவர் அருகில், குதிரையின் அளவுக்கே, வேட்பாளர். வேன் பத்தடி ஊர்ந்தது. மறுபடியும் "என் மக்களே."

முதலில் எனக்கு வந்தது பெருமைதான், மறைப்பதற்கில்லை. நான்கு ஒலிபெருக்கியில் கேட்டும் பிசிறில்லாமல் இருக்கிறதே என்று ஒரு சந்தோஷம். இரண்டாவது சுற்றில்தான் சொற்கள் காதில் விழுந்தன. தொழில் பழக்கம்; அர்த்தம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும்.

மாமியார் ஏற்கெனவே பக்கத்து ஜன்னலில் கைகூப்பி நின்றிருந்தார்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை. மன்னரே சொல்லிட்டாரு. இனிமே ஒரு ஊக்குகூட அந்தாளு கடையில வாங்கக் கூடாது."

"எந்தாளு அத்தை?"

"சந்தையில பட்டன் கடை வெச்சிருக்காரே."

"அவரு என்ன பண்ணாரு?"

"அவரு ஒண்ணும் பண்ணல. தங்கமான மனுஷன். ஆனா மன்னர் சொல்லிட்டாரே."

"அத்தை, அது நான்."

"நீங்க சொன்னா இந்த வீட்ல யாரு கேக்கறா?"

பாதி முகத்துச் சோப்பு காய்ந்து இழுக்கத் தொடங்கியது.

அந்தப் பட்டன் கடைக்காரர் தங்கச்சியின் கணவர். சந்தையின் மூன்றாவது வரிசையில் கடை. ஒரு பீரோவை நிமிர்த்தி வைத்தால் எவ்வளவு இடமோ அவ்வளவுதான். பட்டன், ஜிப், கொக்கி, நூல். சுவர் முழுக்கத் தகர டப்பாக்கள். ஒவ்வொரு டப்பாவின் நெற்றியிலும் உள்ளே என்ன பட்டனோ அதில் ஒன்று ஒட்டியிருக்கும். மனிதர் பேசவே மாட்டார். நாம் ஒரு பழைய சட்டையை நீட்டினால் போதும், கை தானாக ஒரு டப்பாவுக்குப் போகும்.

அன்று பத்து மணிக்கு நான் டப்பிங் அறைக்குப் போனபோது தங்கச்சி எனக்கு முன்பே வந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்காராமல் இந்தப் பக்கம் வந்து, என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"வியாழக்கிழமை நாலு மணிக்கு வியாபாரிகள் சங்கக் கூட்டம் அண்ணே. கடை உரிமம் புதுப்பிக்கறதுக்குச் சங்கம் ஒப்புதல் தரணும்ல. இந்தத் தடவை எங்க ஆளுங்க கடை பதினொண்ணுக்குத் தரக் கூடாதுன்னு தீர்மானம் வருது. தந்தாதான் நகராட்சியில முத்திரை குத்துவாங்க. இல்லேன்னா மாசக் கடைசியில சாவியக் குடுத்துட்டுப் போயிடணும்."

"யாரு கொண்டு வர்றா? எல்லாம் தெரிஞ்ச முகம்தானே அங்க?"

"தெரிஞ்ச முகம்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் யாரும் இதைப் பேசினதே இல்ல. சனிக்கிழமை சந்தைக்குள்ள வேன் வந்த பிறகு, மன்னரே சொல்லிட்டாருங்கறாங்க."

அவள் போனில் வேன் சத்தத்தைப் பதிவு செய்து வைத்திருந்தாள். ஹெட்போனை என் காதில் மாட்டினாள். "கண்ணை மூடிக் கேளுங்க. இது ஒரே வசனம் இல்ல. அஞ்சு துண்டு" என்றாள். "'என் மக்களே', அது முடிசூட்டு விழா. 'இந்தச் சந்தை உங்கள் முன்னோர் கட்டியது', அது நூத்திப் பன்னெண்டாவது எபிசோடு. 'வேற்று வழிபாட்டினர்', அது எதுல வந்துச்சுன்னு நினைவிருக்கா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"'வேற்று வழிபாட்டினர் நம் விருந்தினராய் வரட்டும்.' பின்பாதிய எடுத்துட்டாங்க. 'வெளியேறட்டும்' இருக்கே, அது 'கள்ளத் தராசு பிடித்தவர்கள் சந்தையை விட்டு வெளியேறட்டும்'. அதுல முன்பாதிய எடுத்துட்டாங்க. அன்னைக்கு உங்களுக்குச் சளி. நல்லாக் கேளுங்க."

கேட்டேன். மாமன்னருக்கு ஒரே வாக்கியத்தின் நடுவில் சளி பிடித்தது.

"'இனியும் பொறுக்காதீர்கள்' எந்த எபிசோடு?"

தங்கச்சி சிரிப்பதா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "முட்டிவலித் தைலம் அண்ணே. 'வலியை இனியும் பொறுக்காதீர்கள்.' விளம்பரம்."

ஹெட்போனை என் காதிலிருந்து கழற்றினாள். பிறகு அவள், "வெட்டினது நான்தான்" என்றாள். "ரொம்ப சுத்தமா வெட்டியிருக்கேன். ஒட்டறவங்களுக்கு ஒரு சிரமமும் வைக்கல."

"பேசினது நான்."

"முழுப் பதிவும் இங்க இருக்கு. எடுத்துட்டுப் போய்க் கூட்டத்துல போட்டுக் காட்டப் போறேன்."

"பதிவை வெளிய கொண்டு போனா உனக்கு இங்க வேலை போயிடும். அங்க கடையும் போச்சுன்னா வீட்ல ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துட்டு உக்காருவீங்களா?"

"வேற என்ன வழி சொல்லுங்க."

"பதிவு எதுக்கு? தொண்டையே இருக்கே. நான் வர்றேன்."

இதைச் சொன்னவன் யார் என்று சுற்றிப் பார்த்தேன். அறையில் வேறு ஆண் யாரும் இல்லை.

மதியம் பொறுப்பாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் கெட்டவர் இல்லை. காபி சொன்னார். "கட்சிக்காரங்க மேலிடத்துல கேட்டாங்க, மேலிடம் குடுத்துடுச்சு. வங்கின்னா எடுக்கத்தானே செய்வாங்க? கையெழுத்து உங்களோடது சார்" என்றார். "ஒன்பதாவது பக்கம் படிச்சீங்களா?"

முதல் பக்கமே படிக்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"மாமன்னரோட குரல் யாருன்னு வெளிய சொல்லவே கூடாதுன்னு இருக்கு. சொன்னா அடுத்த நாளே வேற குரல். இன்னும் நானூறு எபிசோடு இருக்கு சார். தொண்டையப் பத்திரமா வெச்சுக்கங்க."

மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கெட்ட செய்தியை நின்றுகொண்டே கேட்கிற பழக்கம் உண்டு. "போயிட்டு வாங்க. ஆனா வீட்ல பேசற குரல்ல பேசிடாதீங்க, முன்வரிசைக்கே கேக்காது" என்றாள்.

வியாழக்கிழமை நாலு மணி. சந்தைக்கு நடுவே, பெரிய மூட்டைகளை எடை போடும் கொட்டகையில் கூட்டம். எழுபத்து நாலு கடைக்காரர்கள். மூட்டைமேல், கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல், சிலர் எடைமேடையின்மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். மேஜைக்குப் பின்னால் சங்கத் தலைவர், பாத்திரக் கடைக்காரர். பக்கத்தில் கட்சியின் ஒருங்கிணைப்பாளர். முப்பது வயது இருக்கும், இஸ்திரி கலையாத சட்டை, எல்லோரையும் ஐயா, அம்மா என்று அழைக்கும் மரியாதையான பிள்ளை. பட்டன் கடைக்காரர் ஓரத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர் மதத்துக்காரர்கள் மற்ற பத்துப் பேரும் அவரைச் சுற்றி. அந்தப் பதினோரு பேரைச் சுற்றி ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி. நான் கடைசி வரிசைக்குப் பின்னால் காய்கறிப் பையோடு நின்றேன். தங்கச்சி என் பக்கத்தில்.

ஒருங்கிணைப்பாளர் முதலில் ஒலிபெருக்கியைப் போட்டார். "என் மக்களே" என்றதும் கொட்டகை எழுந்து நின்றது. கட்சிக்காரர்கள் மட்டும் இல்லை. எழுபத்து நாலு பேரும். பட்டன் கடைக்காரரும் எழுந்தார்.

முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். தலைவர் தீர்மானத்தைப் படிக்க மூக்குக்கண்ணாடியைத் தேடினார். நான் கையைத் தூக்கினேன்.

"யாருங்க? கடை நம்பர் என்ன?"

"கடை இல்லீங்க. சாமான் வாங்க வர்றவன்."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."

"அந்தக் குரல் என்னோடது."

முன்வரிசையில் சிலர் திரும்பினார்கள். யாரோ சிரித்தார். ஒருங்கிணைப்பாளர், "ஐயாவுக்கு யாராவது தண்ணி குடுங்க. வெயில்" என்றார். உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

"டிவியில மன்னருக்குக் குரல் குடுக்கறது நான்தான். ரெண்டு வருஷமா."

"அப்ப குதிரைக்கு யாரு?" என்றார் பின்னாலிருந்த ஒருவர். கொட்டகை சிரித்தது. மெல்லிய குரல் உள்ளவனுக்கு உலகில் எங்கும் இந்த வரவேற்புதான். வீட்டில் பயிற்சி இருந்ததால் தாங்கிக்கொண்டேன்.

தலைவர் நல்ல மனிதர். "சரி, அப்படின்னா பேசிக் காட்டுங்க. கூட்டம் சீக்கிரம் முடியணும்" என்றார்.

பையைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். வயிற்றை உள்ளே இழுத்தேன், தாடையை இறக்கினேன். அந்த ஆள் வருவாரா என்று எனக்கே சந்தேகம். மைக் இல்லை, கண்ணாடி இல்லை, எதிரே ஒரு உதடுகூட அசையவில்லை.

வந்தார்.

"கள்ளத் தராசு பிடித்தவர்கள் சந்தையை விட்டு வெளியேறட்டும்."

தகரக் கூரை அதிர்ந்தது. சிரிப்பு அறுந்து விழுந்தது. என் கண்ணெதிரே கொட்டகை முழுக்க எழுந்து நின்றது. கிழங்குக்கடை அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டார். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார்கள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஓரடி மேலே, ஒரு குதிரையின் முதுகு இருக்க வேண்டிய உயரத்தில் பார்த்தார்கள்.

அந்த நொடியில் எனக்கு வந்த ஆசையைச் சொல்லிவிடுகிறேன். இதே குரலில் "பதினோரு கடையும் இருக்கட்டும்" என்று ஒரு வரி சொன்னால் போதும். கூட்டம் முடிந்தது. கைதட்டு. ஒருவேளை ஒரு தொகுதிகூடக் கிடைக்கலாம். மாமியார் எனக்கு முதலில் சோறு போடலாம். வாயைத் திறந்தும் விட்டேன். அப்போது பட்டன் கடைக்காரரைப் பார்த்தேன். அவர் மட்டும் என்னைச் சரியான உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை, பயம் இருந்தது. அவர் பயந்தது சரிதான். இன்று ஒரு குரல் இருக்கச் சொல்லும், நாளை இன்னொரு குரல் போகச் சொல்லும். ஒவ்வொரு தடவையும் இவர்கள் எழுந்து நிற்பார்கள், இவர் உட்காருவதா வேண்டாமா என்று ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

"அமருங்கள்" என்றேன், மாமன்னராக.

அமர்ந்தார்கள்.

"எழுங்கள்."

எழுந்தார்கள்.

"அமருங்கள்."

அமர்ந்தார்கள். எடைமேடையில் இருந்தவர்கள் அமர்ந்ததில் முள் ஆடியது.

"எழுங்கள்."

இம்முறை பாதிப் பேர்தான் எழுந்தார்கள். எழுந்தவர்கள் உட்கார்ந்தவர்களைப் பார்த்தார்கள். யாரோ 'க்ளுக்' என்றார். கிழங்குக்கடை அக்கா, "அட போப்பா, எனக்கு முட்டி வலிக்குது" என்றார்.

"வலியை இனியும் பொறுக்காதீர்கள்" என்றேன், அதே கம்பீரத்தில். "காலையிலும் மாலையிலும் முட்டியில் தேயுங்கள்."

பிறகு கொட்டகை வெடித்தது. "டேய், அது தைல விளம்பரம்டா" என்று ஒருவர் பக்கத்தில் இருந்தவரின் முதுகில் அடித்தார். "அந்தத் தைலத்த நான் வாங்கினேன், ஒண்ணும் கேக்கல" என்றார் இன்னொருவர். அதற்கு என்னைக் குற்றவாளியாகப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கும்போது நான் வயிற்றை வெளியே விட்டேன். மீதியைச் சொந்தக் குரலில் சொன்னேன். ஐந்து துண்டையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எது எங்கிருந்து வந்தது, விருந்தினராய் வரட்டும் என்பது எப்படிப் பாதியில் அறுந்தது, எந்தத் துண்டில் எனக்குச் சளி. பக்கத்தில் இருந்தவர்கள் கேட்டு முன்வரிசைக்குச் சொன்னார்கள். "நான் படிக்காம கையெழுத்துப் போட்டேன். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன். தீர்மானம் உங்க விஷயம். ஆனா மன்னர் சொன்னாருன்னு மட்டும் போடாதீங்க. அவரு சொல்லல. நானும் சொல்லல."

ஒருங்கிணைப்பாளரின் முகம் சிவந்திருந்தது. "ஐயா, இது மாமன்னரை அவமானப்படுத்தறது. அவர் இன்னைக்கு இருந்திருந்தா இதைத்தான் சொல்லியிருப்பாரு."

"இருக்கலாம் தம்பி. அப்ப அவரையே வந்து சொல்லச் சொல்லுங்க. என் தொண்டையில வேண்டாம்."

பின்னால் நாலைந்து பேர் எழுந்தார்கள். "துரோகி" என்றது ஒரு குரல். ஒருவர் வந்து என் சட்டையின் தோளைப் பிடித்தார். தங்கச்சி காய்கறிப் பையை எங்கள் இருவருக்கும் நடுவே நுழைத்தாள். என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அதற்குள் கிழங்குக்கடை அக்கா எழுந்துவிட்டார்.

"ஒரு சந்தேகம் தலைவரே. அப்ப மன்னர் நெசமாவே சந்தைய விட்டுப் போகச் சொன்னது யாரை?"

தலைவர் என்னைப் பார்த்தார். "கள்ளத் தராசு பிடிச்சவங்களை" என்றேன்.

தலைவர் மேஜையைப் பார்த்தார். அவரும் பாத்திரத்தை எடை போட்டுத்தான் விற்கிறார். என் தோளைப் பிடித்திருந்தவர், பிறகு தெரிந்துகொண்டேன், மளிகைக்காரர். பிடி கொஞ்சம் தளர்ந்தது.

"மன்னர் பேச்சுக்கு மதிப்புக் குடுக்கணும்னா அந்தத் தீர்மானத்தத்தானே முதல்ல எடுக்கணும்?" என்றார் அக்கா. "என் தராசுல இருந்தே ஆரம்பிங்க. கிலோவுக்கு ரெண்டு கிழங்கு குறையும். மழைக்காலத்துல ஒண்ணுதான் குறையும், பொய் சொல்ல மாட்டேன்."

"அக்கா, உக்காருங்க அக்கா" என்று நாலு பக்கமிருந்தும் கெஞ்சினார்கள். சிரிப்பு மறுபடியும் கிளம்பியது. இந்தத் தடவை அவரவர் தங்களையே பார்த்துச் சிரித்தார்கள்.

"அப்படிப் பாத்தா பட்டன் கடையில தராசே கிடையாதேப்பா" என்றார் ஒருவர்.

"எண்ணித்தானே குடுப்பாரு."

எல்லோரும் பட்டன் கடைக்காரரைப் பார்த்தார்கள். வேன் வந்த பிறகு அவரை நேராகப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். அவர் தொண்டையைச் செருமினார். "பன்னெண்டு கேட்டா பதிமூணு போடுவேன்" என்றார். "ஒண்ணு எப்படியும் தொலைஞ்சிடும்."

தலைவர் மணியடித்தார். வேர்த்த முகத்தோடு, எல்லாக் கடைக்கும் உரிமம் புதுப்பிக்கலாம் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். தராசு விஷயம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்பட்டது, அது ஏகமனதாக.

நாற்பத்தொரு கை. எதிராக முப்பத்து மூன்று. நான் இரண்டு முறை எண்ணினேன். மளிகைக்காரர் முப்பத்து மூன்றில் ஒருவர். ஆனால் கை தூக்க என் தோளை விட வேண்டியிருந்தது. மறுபடியும் பிடிக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மறுநாள் காலை பொறுப்பாளர் போன் செய்தார். பேசி முடித்தபோது நான் மாமன்னர் இல்லை. ஒலிப்பதிவுத் தங்கச்சிமீது அவர்களால் எதுவும் சொல்ல முடியவில்லை. அவள் பை தூக்கியதற்கு ஒப்பந்தத்தில் பக்கம் இல்லை. வேன் இன்னும் மூன்று நாள் வந்தது. "இனியும் பொறுக்காதீர்கள்" என்று அது முடித்ததும் ஏதாவது ஒரு கடையிலிருந்து "முட்டியில் தேயுங்கள்" என்று பதில் வரும். நாலாம் நாள் வேன் வேறு பக்கம் போய்விட்டது. இப்போது நான் ஒரு கார்ட்டூன் கரடிக்குக் குரல் கொடுக்கிறேன். கரடியின் ஒப்பந்தத்தை மூன்று முறை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

மாமியார் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. புதுக் குரலில் மாமன்னர் பேசியதைக் கேட்டு, "அவருக்கு உடம்பு சரியில்ல போல" என்று சுவரிடம் சொன்னார். பத்தாம் நாள் விளம்பர இடைவேளையில், என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "அந்த விருந்தினராய் வரட்டும்னு சொன்னது எந்த எபிசோடு மாப்பிள்ளை? நான் பாக்காம விட்டிருக்க மாட்டேனே."

இதெல்லாம் பிறகு. அந்த வியாழக்கிழமை, கூட்டம் கலைந்ததும் நாங்கள் மூவரும் மூன்றாவது வரிசைக்கு நடந்தோம். பட்டன் கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு அப்படியே நின்றார்.

"முப்பத்து மூணு பேரு" என்றேன். எனக்கு அதுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றார். கொஞ்சம் யோசித்தார். அவர் ஒரே நாளில் இத்தனை பேசி நான் பார்த்ததில்லை. "நாப்பத்தொண்ணுல எங்க ஆளுங்க பதினொண்ணு. மீதி முப்பது பேரு. அதுல ஆறேழு பேரத்தான் எனக்குப் பேசிப் பழக்கம். மத்தவங்க பேருகூடத் தெரியாது. பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன், டப்பாவத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன். நாளையில இருந்து தினம் ரெண்டு பேரு கடைக்குப் போய் ஒரு டீ குடிக்கணும்."

"முப்பது முடிஞ்சதும்?"

"முப்பத்து மூணு பேரு இருக்காங்களே."

தங்கச்சி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "டீயா குடிச்சா வயித்தெரிச்சல் வரும்" என்றாள். "பாதிக் கடைக்கு நான் போறேன்."

ஷட்டர் முழுசாக மேலே போனது. ஒரு அம்மா வந்தார். சந்தையில் கூட்டம் நடந்ததோ, யார் இருக்கலாம் யார் போகலாம் என்று கை தூக்கியதோ எதுவும் அவருக்குத் தெரியாது. பையிலிருந்து பச்சை நிறக் கோட் ஒன்றை எடுத்து மேஜையில் விரித்தார். ஆறு பட்டனில் ஒன்று இல்லை. பழைய மாடல், ஓரத்தில் மெல்லிய வரி ஓடும் பட்டன். பட்டன் கடைக்காரரின் கை ஒரு டப்பாவுக்குப் போனது, நின்றது, இன்னொன்றுக்குப் போனது. பிறகு மூன்று டப்பாக்களை இறக்கி மேஜையில் கொட்டினார்.

"கொஞ்சம் நேரமாகும்மா" என்றார். "ஆனா இங்கதான் இருக்கு."

தங்கச்சி ஒரு குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றைத் தள்ளினாள். நான் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேட ஆரம்பித்தேன்.